பின்வளவுக் கோழியும் பிரித்தானியச் சட்டமும்

பிரித்தானியாவில் குடியேறிய நம்மவர் வீடுகளின் பின்வளவில் மிளகாயும் வெந்தயக் கீரையும் எப்படியோ முளைத்துவிடுகின்றன. கோழிக்கூடு மட்டும் அபூர்வமாகவே காணப்படுகின்றது. “வீட்டுக்காரன் விடமாட்டான்”, “கவுன்சில் வழக்குப் போடும்” என்று பலர் ஒதுங்கிக்கொள்கின்றனர். துணிந்து வளர்ப்போரோ யாருக்கும் சொல்லாமல், எங்கும் பதியாமல், ஊரில் செய்ததுபோலவே மிஞ்சிய சோற்றைப் போட்டு வளர்க்கின்றனர். இரு சாராரும் இந்நாட்டுச் சட்டத்தைத் தலைகீழாக விளங்கிக்கொண்டுள்ளனர் என்பதே நமது கருத்து.

உரிமையை முதலில் பார்ப்போம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறையிலுள்ள 1950 ஆம் ஆண்டின் அலொட்மென்ட் சட்டத்தை நம்மவரில் எத்தனை பேர் அறிவர்? வாடகை ஒப்பந்தத்திலோ வேறு உடன்படிக்கையிலோ என்ன எழுதப்பட்டிருப்பினும், ஒரு நிலத்தில் குடியிருப்பவர் வியாபார நோக்கமின்றிப் பேட்டுக்கோழிகளையும் முயல்களையும் அங்கு வளர்ப்பது சட்டபூர்வமானது என அதன் 12 ஆம் பிரிவு கூறுகின்றது. சுகாதாரத்துக்குக் கேடோ அயலவருக்குத் தொல்லையோ விளையக்கூடாது. சேவலுக்கு இவ்வுரிமை கிடையாது. இந்நாட்டவரே முட்டையைப் பங்கீட்டில் பெற்ற காலத்துச் சட்டம் அது. முட்டைப் பங்கீடு 1953 இலேயே நீங்கியது. அகதிகளை நினைத்து எவரும் அதை இயற்றவில்லைத்தான். ஆயினும் சொந்தக் காணியில்லாத நமக்கு அது சாலப் பொருந்துகின்றது. வீட்டுச் சொந்தக்காரர் மறுத்தால் முரண்படாது, அப்பிரிவின் பிரதியொன்றை அவர் கையில் கொடுங்கள்.

அடுத்தது கடமை. முன்னர் ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்ட பறவைகளை வைத்திருப்போரே கட்டாயம் பதிய வேண்டியிருந்தது. 2024 ஒக்டோபர் 1 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும், அதற்கு ஒரு மாதம் முன்னதாக ஸ்கொட்லாந்திலும், ஒரேயொரு கோழி வைத்திருப்பவரும் பதிய வேண்டுமென விதிக்கப்பட்டது. “பதிவு” என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவர் நெஞ்சு பதைப்பதை நாம் அறிவோம். கொழும்பு விடுதிகளில் பொலிஸ் பதிவுக்காக வரிசையில் நின்றவர்கள் நாம். ஆனால் இப்பதிவு ஆளைப் பற்றியதன்று. என்ன இனப் பறவை, எத்தனை, எங்கே என்பதே கேட்கப்படுகின்றது, கட்டணமும் இல்லை. 2021 குளிர்காலம் முதல் பறவைக் காய்ச்சல் இங்கு பெருமளவிற் பரவி, கோழிகளை அடைத்து வைக்குமாறு கட்டளைகள் பிறப்பிக்கப்பட்டன. அயலில் நோய் கண்டால் யாருக்கு அறிவிப்பது என்பதற்கே இப்பதிவேடு. அஞ்சிப் பதியாதிருப்பவர் எச்சரிக்கையையும் இழக்கின்றார்.

தீனி விடயத்திலேதான் நம் வீடுகளில் பெருந்தவறு நிகழ்கின்றது. சமையலறையிலிருந்து வெளியேறும் எந்தக் கழிவையும் கோழிக்கோ தாராவுக்கோ போடுவது இங்கு சட்டவிரோதம். சோறு, பாண் துண்டு, மரக்கறித் தோல், முட்டைக் கோது யாவும் இதில் அடங்கும். “நாங்கள் சைவம்” என்று சொல்லித் தப்பவும் இயலாது; பாலும் தயிரும் நெய்யும் புழங்கும் அடுக்களை இச்சட்டத்தின் கண்ணில் சைவ அடுக்களை ஆகாது. தோட்டத்தில் பிடுங்கிய கீரையை, வீட்டுக்குள் கொண்டுபோகாமல் நேரே கூட்டுக்குப் போடுவதில் தடையில்லை.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சமையற் கழிவை அவித்துத் தவிட்டுடன் குழைத்துக் கோழிக்கு வையுங்கள் என்று மக்களை ஊக்குவித்ததும் இதே அரசுதான். மாற்றத்துக்கு ஒரு காரணம் உண்டு. 2001 இல் பரவிய கால்வாய் நோய், நோர்தம்பர்லாந்துப் பன்றிப் பண்ணையொன்றில் முறையாக அவிக்காத உணவுக் கழிவைத் தீனியாகப் போட்டதிலிருந்து தொடங்கியது என விசாரணையில் முடிவுசெய்யப்பட்டது. ஆறு மில்லியனுக்கு மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன. மூன்று கோழி வைத்திருக்கும் பாட்டியையும் பண்ணை முதலாளியையும் ஒரே கோலால் அளப்பது முரட்டுத்தனமானது என்றே நாம் கருதுகின்றோம். எனினும் அதை மீறுவதற்கு நியாயம் தேடமாட்டோம். பிழைத்தால் இழப்பு அயலானுடையது.

சோற்றை நிறுத்துவதால் கோழிக்கு நட்டமில்லை. முட்டையிடும் பேட்டுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 120 கிராம் தீனி வேண்டும். அதில் பதினாறு சதவீதமளவு புரதம் இருத்தல் நன்று. சோறு வயிற்றை நிரப்புமேயன்றி முட்டையைத் தராது. முட்டைக்கோழித் தீனியைக் குஞ்சுகளுக்குப் போடலாகாது; அதிலுள்ள மிகுந்த கல்சியம் அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பதினாறு வாரங்களின் பின்னரே அதற்கு மாற்றுங்கள். சிப்பி ஓட்டுத் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைத்தால் தேவையானது தானே கொத்தும்.

மார்கழியில் முட்டை நின்றதும் கோழிக்கு வருத்தம் என்று கலங்குவோர் உளர். சட்டியில் ஏற்றிவிடுவோரும் உளர்! குறை கோழியில் இல்லை, வெளிச்சத்தில் உள்ளது. யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் பகல் ஏறத்தாழப் பன்னிரண்டு மணித்தியாலம். இலண்டனில் மார்கழிப் பகல் எட்டு மணித்தியாலத்துக்கும் குறைவு. ஒழுங்காக முட்டையிடப் பதினான்கு மணித்தியாலமளவு வெளிச்சம் வேண்டும். மாசி கழியும்வரை பொறுத்திருங்கள்.

ஊரில் கீரிக்கும் மரநாய்க்கும் பயந்தோம், இங்கு நரி. மெல்லிய கோழிவலையை அது பல்லால் கிழித்துவிடும். ஒட்டுக்கம்பி வலையை நிலத்துக்குள் ஓர் அடியேனும் புதைத்தல் அவசியம். கூட்டின் இடுக்குகளில் பகலில் ஒளிந்திருந்து இரவில் இரத்தம் குடிக்கும் செல்லைக் கண்டுபிடிக்க, ஊரில் கோழி வளர்த்த நம் தாய்மாரைவிடச் சிறந்தவர் இல்லை. அறைக்குள் தொலைக்காட்சியோடு முடங்கிக் கிடக்கும் அவர்களிடம் கூட்டின் பொறுப்பை ஒப்படைத்துப் பாருங்கள். கரப்பு எதற்கு, அடைக்கோழியை எப்படித் தெளிய வைப்பது என்பதெல்லாம் பேரப்பிள்ளைகளுக்கும் தெரியவரும்.

சேவலை வைத்திருக்க அந்தச் சட்டம் உரிமை தராமையால், குஞ்சு வாங்கும்போதே இனங்காணத் தெரிந்திருத்தல் வேண்டும். ரோட் ஐலண்ட் சிவப்புச் சேவலையும் லைட் சசெக்ஸ் பேட்டையும் இணைத்துப் பெற்ற குஞ்சுகளில் பேடு பழுப்பாகவும் சேவல் மஞ்சளாகவும் பொரிக்கும். முதல் நாளே பிரித்தறியலாம். ஏனைய இனங்களில் சில வாரங்களில் சேவலின் கொண்டை முந்திச் சிவக்கும். பின்னர் கழுத்திலும் முதுகின் பின்புறத்திலும் கூர்நுனி இறகுகள் முளைத்தால் சந்தேகமில்லை. பேட்டின் இறகு நுனி வட்டமானது.

தாராவை இனங்காண்பது எளிது. உரத்துக் கத்துவது பெட்டை. அடைத்த குரலில் கரகரப்பது கடுவன், வளர்ந்தபின் அதன் வாலில் இறகு சுருளும். மணிலாத் தாராவில் மட்டும் இச்சுருள் இல்லை. கடுவன் பெரிதாகவும் முகத்துச் செந்தடிப்பு மிகுந்தும் இருக்கும். அதன் முட்டை பொரிக்க 35 நாட்கள். ஏனைய தாராவுக்கு 28, கோழிக்கு 21. முட்டைக்கென்றே வளர்ப்போருக்குக் குளொஸ்டர்ஷயரில் உருவான காக்கி கம்பெல் சிறந்தது. காக்கி என்ற சொல் நமக்கு உவப்பானதன்று. நிறத்தால் வந்த பெயர், பொறுத்துக்கொள்வோம்.

குளம் அவசியமில்லை, தலை முழுவதும் அமிழுமளவு ஆழத்தில் தண்ணீர் போதும். ஆனால் தாரா, நோய்க்குறி எதுவும் காட்டாமலே பறவைக் காய்ச்சலைச் சுமக்கக்கூடியது. கோழியோடு ஒரே கூட்டில் அடைக்காதீர்கள். தண்ணீர்ப் பாத்திரத்தையும் வேறாக்குங்கள். காட்டுத் தாராக்கள் வந்திறங்காதபடி மேலே வலை இடுங்கள். 12 ஆம் பிரிவில் தாரா சொல்லப்படவில்லை என்பதால், வாடகை வீட்டில் இருப்போர் தாரா வாங்குமுன் சொந்தக்காரரிடம் எழுத்தில் அனுமதி பெற்றுக்கொள்ளுதல் நன்று.