வாடகை வீடும் வாயடைத்த அலாரமும்

இங்கிலாந்தில் தமிழர்கள் வாடகைக்கு எடுக்கும் பல வீடுகளில், குடியேறிய சில வாரங்களிலேயே வாயடைக்கப்படும் ஜீவன் ஒன்று உண்டு: உட்கூரையில் ஒட்டிக்கொண்டிருக்கும் புகை அலாரம். கடுகும் காய்ந்த மிளகாயும் எண்ணெயில் விழுந்ததும் அது அலறும். ஒருவர் துண்டை எடுத்து வீசுவார், இன்னொருவர் ஜன்னலைத் திறக்க ஓடுவார். மூன்றாவது முறை அலறும்போது பேட்டரி வெளியே வந்துவிடும். அதன்பின் தாளிப்புக்குத் தடையில்லை. தீக்கும்தான்.

இதை நம்மவர்களின் அலட்சியம் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் சட்டம் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிட்டு அந்த முடிவுக்கு வருவது நல்லது.

இங்கிலாந்தில் வாடகை வீட்டுப் பாதுகாப்புக்கு முக்கியமான விதித்தொகுப்புகள் இரண்டு. முதலாவது, 2015 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த புகை, கார்பன் மோனாக்சைடு அலாரம் விதிகள். ஆட்கள் புழங்கும் ஒவ்வொரு தளத்திலும் ஒரு புகை அலாரமாவது இருக்க வேண்டும். வாடகை தொடங்கும் நாளில் அது வேலை செய்கிறதா என்று வீட்டுக்காரர் சோதித்துப் பார்க்க வேண்டும். 2022 அக்டோபரில் இன்னும் சில சேர்ந்தன. கேஸ் பாய்லர் இருக்கும் அறைக்குக் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயமாயிற்று. பழுது என்று தெரிவித்தால் வீட்டுக்காரர் சரிசெய்தே ஆக வேண்டும் என்றும் ஆயிற்று. மீறினால் 5,000 பவுண்டு வரை அபராதம்.

இரண்டாவது, 2020-ஆம் ஆண்டின் மின்பாதுகாப்பு விதிகள். தனியார் வாடகை வீடுகளில் வயரிங், ஃப்யூஸ் பாக்ஸ், சுவிட்ச், பிளக் பாயிண்ட் எல்லாவற்றையும் குறைந்தது ஐந்தாண்டுக்கு ஒருமுறை தகுதிபெற்ற ஒருவர் சோதித்து அறிக்கை தர வேண்டும். அறிக்கையில் சி1 என்றால் ஆபத்து இப்போதே இருக்கிறது; சி2 என்றால் வரக்கூடும்; சி3 வெறும் பரிந்துரை. முதல் இரண்டில் ஒன்று வந்தாலும் 28 நாளுக்குள் பழுதை நீக்க வேண்டும். குடியிருப்பவருக்கு அறிக்கையின் நகலும் தர வேண்டும். விதி வந்தபோது அபராதத்தின் உச்சவரம்பு 30,000 பவுண்டு.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மின்சாரத்துக்கு நிபுணர், அறிக்கை, கெடு எல்லாம் உண்டு. அலாரத்துக்கு முதல் நாள் ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். அதற்குப் பிறகு அது உயிரோடிருக்கிறதா என்று பார்ப்பது குடியிருப்பவர் பாடு. எந்த வகை அலாரம் என்றும் சட்டம் சொல்வதில்லை. கடையில் கிடைப்பதிலேயே மலிவானதை வாங்கி மாட்டினாலும் விதி நிறைவேறிவிடும்.

வகையில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. அயனி வகை அலாரத்தில் அமெரிசியம்-241 என்ற கதிரியக்கத் தனிமம் துளியளவு இருக்கும். கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களையும் அது பிடித்துவிடும், அதனால்தான் தாளிப்புக்கும் கருகிய ரொட்டிக்கும் கூச்சலிடுகிறது. ஒளி வகை, மெத்தையும் சோபாவும் மெதுவாகப் புகைவதை முன்னதாகக் கண்டுகொள்ளும். சமையலுக்கு அவ்வளவாகப் பதறாது. மூன்றாவது வெப்ப அலாரம். புகையைச் சட்டை செய்யாமல் சூட்டை மட்டும் கவனிப்பதால் சமையலறைக்கு உகந்தது இதுதான். அடுப்படியை ஒட்டிய குறுகிய நடையில் அயனி அலாரத்தை மாட்டிவிட்டு, அதன் பேட்டரியைக் கழற்றியவரை மட்டும் குறைசொல்வது நியாயமாகப் படவில்லை.

மென்பொருள் துறையில் இரவுக் காவல் பார்த்தவர்களுக்கு இது பழகிய கதை. சர்வருக்கு ஒன்றுமே ஆகாதபோதும் இரவில் நாலு தடவை எழுப்பும் எச்சரிக்கையை ஐந்தாவது தடவை யாரும் எழுந்து பார்ப்பதில்லை. பொய்யாக அடிக்கும் மணி, மணியே இல்லாததைவிட மோசம். இருக்கிறது என்ற நிம்மதியையாவது தராமலிருக்கிறதே இல்லாத மணி!

ஸ்காட்லாந்து இதைப் புரிந்துகொண்டிருக்கிறது. அங்கே 2022 பிப்ரவரி முதல் வாடகை வீடு, சொந்த வீடு என்ற வித்தியாசமில்லாமல் எல்லாவற்றுக்கும் ஒரே விதி. அதிகம் புழங்கும் அறையிலும் நடைகளிலும் புகை அலாரம், சமையலறையில் வெப்ப அலாரம். ஒன்று அடித்தால் எல்லாம் அடிக்கும்படி இணைத்திருக்க வேண்டும். மின் இணைப்பு இல்லாத அலாரமென்றால் கழற்ற முடியாத நீண்டகால பேட்டரி. மனித சுபாவத்தை அறிந்து எழுதிய விதி இது.

கருவியைச் சரிசெய்துவிட்டால் மட்டும் போதுமா? லண்டன் கிரென்ஃபெல் கோபுரத்தில் 2017 ஜூன் 14 அதிகாலை, நான்காவது மாடிக் குடியிருப்பின் சமையலறை அலாரம் ஒழுங்காகவே அடித்தது. அங்கிருந்தவர் விழித்தெழுந்து உடனே தீயணைப்புத் துறைக்குத் தகவல் சொன்னார். தீ பிறந்தது ஒரு குளிர்பதனப் பெட்டியில். வீட்டின் வயரிங்கைப் பார்க்கும் சோதனை, குடியிருப்பவரின் சொந்தப் பெட்டியைத் தொடாது. தீ கட்டடத்தின் வெளிப்புற உறையில் ஏறியது. 72 பேர் இறந்தார்கள். கிரென்ஃபெல் ஆக்‌ஷன் குரூப் என்ற குடியிருப்போர் குழு, பெரும் விபத்து நடந்தால்தான் நிர்வாகத்தின் லட்சணம் வெளியே தெரியும் என்று 2016 நவம்பரிலேயே எழுதியிருந்தது. அலாரத்தைக் கேட்க ஆளிருந்தது. மனிதர்கள் சொன்னதைக் கேட்கத்தான் ஆளில்லை.

விதிகளின் அடிப்படைக் குறையும் இங்கேதான். பழுதென்று தெரிவித்தால் சரிசெய்ய வேண்டும் என்கிறது சட்டம். தெரிவிக்கத் துணிவு வர வேண்டுமே! இங்கிலாந்தில் பல்லாண்டுகளாக, காரணம் எதுவும் சொல்லாமல் இரண்டு மாத நோட்டீஸில் காலி செய்யச் சொல்ல 21-ஆம் பிரிவு வழிவிட்டது. விசாவும் பிள்ளையின் பள்ளியிடமும் கையில் உள்ள முகவரியை நம்பியிருக்கும்போது, ஃப்யூஸ் பாக்ஸ் சூடாகிறது என்று புகார் செய்ய எத்தனை பேருக்கு மனம் வரும்? 2025 அக்டோபரில் அரச ஒப்புதல் பெற்ற வாடகைதாரர் உரிமைச் சட்டம் அந்தப் பிரிவுக்கு முடிவு கட்டுகிறது. அதற்குக் குறித்த நாள் 2026 மே 1. அதன் தலைப்பில் தீ என்ற சொல்லே கிடையாது. என்றாலும் இந்தப் பத்தாண்டின் முக்கியமான தீப்பாதுகாப்புச் சட்டம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அரசு செய்ய வேண்டியது மிச்சமிருக்கிறது. அலாரத்தின் வகையைச் சட்டம் சொல்ல வேண்டும். ஆண்டுக்கொரு முறையாவது வீட்டுக்காரர் சோதிக்க வேண்டும். நாம் செய்யக்கூடியது சிறிது. மின்சோதனை அறிக்கையின் நகலைக் கேளுங்கள், சி1, சி2 இருக்கிறதா என்று பாருங்கள். பழுதை வாய்மொழியாகச் சொல்லாமல் எழுத்தில் தெரிவியுங்கள்; அசைவில்லை என்றால் கவுன்சிலுக்கு எழுதுங்கள். அலாரம் அனாவசியமாக அலறினால், ஒளி வகையோ வெப்ப வகையோ மாற்றித் தரும்படி கேட்கலாம். அதுவரை பேட்டரி உள்ளேயே இருக்கட்டும்.