நாணயமா, நயவஞ்சகமா?

பசிபிக் மகா சமுத்திரத்தில் நியுவே என்று ஒரு தீவு. பரப்பு 260 சதுர கிலோமீட்டர். ஜனத்தொகை இரண்டாயிரத்தை எட்டாது. நம் பக்கத்துப் பெரிய கிராமம் ஒன்றில் அதைவிட அதிகம் பேர்! இந்தத் தீவின் பெயரில் வெள்ளி நாணயங்களை அடித்துத் தள்ளுகிறார்கள். ஒருபுறம் டச்சு ஓவியர் வான்கோ தீட்டிய 'நட்சத்திர இரவு'. மறுபுறம் இங்கிலாந்து ராணியாக இருந்த எலிசபெத்தின் தலை. பொறித்திருக்கும் மதிப்போ ஒரே ஒரு டாலர்.

அடித்தது எங்கே? தீவில் அல்ல, போலந்து நாணயச் சாலையில். வாங்குவது யார்? தூர தேசத்துச் சேகரிப்பாளர்கள். ஒரு டாலருக்கா? அதைப்போல் பத்து மடங்கு, பல பத்து மடங்கு! நியுவேக்காரர் ரொட்டி வாங்கக் கடைக்குப் போனால் கையில் இருப்பது சாதாரண நியூசிலாந்து டாலர்தான். இந்த வெள்ளிக்காசு அங்கே புழங்குவதில்லை.

பின் எதற்குத் தீவின் பெயர்? பெயர் இல்லையென்றால் அது வெறும் பதக்கம். ஒரு தேசத்தின் முத்திரை விழுந்தால் 'நாணயம்' ஆகிவிடும், விலையும் ஏறும். அந்த முத்திரைக்குத் தீவுக்கு ஒரு தொகை. மிச்சம் வியாபாரியின் பெட்டிக்கு.

நியுவே மக்களை நாம் குறை சொல்லவில்லை. 1901-ல் நியூசிலாந்து அவர்களைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. சுயாட்சி வந்தது 1974-ல்தான். இன்று தீவில் இருப்போரைவிடப் பல மடங்கு நியுவே மக்கள் நியூசிலாந்தில் பிழைக்கிறார்கள். விற்கச் சரக்கு அதிகமில்லாத அரசாங்கம் பெயரை வாடகைக்கு விடுகிறது.

வான்கோ யார் தெரியுமா, தோழர்களே? 1885-ல் 'உருளைக்கிழங்கு உண்பவர்கள்' என்ற படத்தைத் தீட்டியவர். மங்கிய விளக்கடியில் ஒரு குடியானவக் குடும்பம். தட்டில் நீளும் அந்தக் கைகள்தான் மண்ணையும் கிளறின என்று காட்டவே வரைந்ததாகத் தம்பிக்குக் கடிதம் எழுதினார். அந்தத் தம்பி அனுப்பிய பணத்தில்தான் வயிறு கழுவினார். 'நட்சத்திர இரவு' 1889-ல் மனநோய் விடுதியில் இருந்தபோது பிறந்தது. மறு வருஷமே, 37 வயதில், துப்பாக்கிக் காயத்தால் மாண்டார். உயிரோடிருந்தபோது விற்ற படங்கள் வெகு சொற்பம்.

இன்று அந்தப் படத்துக்கு யாருக்கும் உரிமைத்தொகை தர வேண்டியதில்லை. காலம் கடந்துவிட்டது. ஓசிச் சரக்கு! டீக்கடைக் காலண்டரில் அச்சிட்டிருந்தாலாவது ஆயிரம் பேர் பார்த்திருப்பார்கள். இதுவோ வெல்வெட் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கிறது. விரல் பட்டால் விலை குறையுமாம்!

எத்தனை நாணயம் அடித்தோம் என்று கூடவே ஒரு சான்றிதழ் தருகிறார்கள். தீவுக்கு எவ்வளவு கொடுத்தோம், நாம் எவ்வளவு எடுத்தோம் என்பதையும் அதே சான்றிதழில் அச்சிடட்டும்!