எந்த மழைக்கு முன் ஊசி?

பெரம்பலூர், அரியலூர் பக்கம் ஐப்பசி மழை பிடித்துவிட்டால் மாடு வைத்திருப்பவர்களுக்குத் தொண்டை அடைப்பான் பயமும் கூடவே வந்துவிடும். காலையில் தீவனத்தைத் தொடாத எருமைக்கன்றுக்கு மதியத்துக்குள் தாடைக்கடியில் வீங்கும்; தொட்டால் சுடும், அழுத்தினால் வலியில் துடிக்கும். எச்சில் ஒழுக, நாக்கை நீட்டிக்கொண்டு, கொர்கொர் என்று மூச்சு வாங்கும். அறிகுறி தெரிந்து ஒரு நாள் தாண்டாமல் செத்துப்போவதே அதிகம். புதுத்தண்ணீர் குடித்ததால் வந்தது என்பார் ஒருவர், சந்தை மாடு கொண்டுவந்தது என்பார் இன்னொருவர். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் இந்த நோயை உண்டாக்கும் பாஸ்சுரெல்லா மல்டோசிடா என்ற பாக்டீரியா மழைக்காகக் காத்திருந்து வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. கோடையிலேயே மந்தையில் சில மாடுகளின் தொண்டையில் அது குடியிருக்கும். இதை ஒப்புக்கொண்டால், தடுப்பூசி போடும் மாதத்தையே நாம் மறுபடி யோசித்தாக வேண்டும்.

நோயிலிருந்து தப்பிய எருமைகளின் டான்சிலில் இந்தக் கிருமி தங்கியிருப்பதை இலங்கை கால்நடை விஞ்ஞானி டி அல்விஸும் அவருடைய குழுவினரும் காட்டியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட மாடு நன்றாக மேயும், பால் கறக்கும், பார்வைக்கு ஒரு குறையும் இருக்காது. கிருமியைச் சுற்றியுள்ள வழவழப்பான உறை அதை வெள்ளணுக்கள் விழுங்கவிடாமல் காக்கிறது. நனைந்து, குளிரில் நடுங்கி, தீவனம் குறைந்து, ஒழுகும் கொட்டகையில் நெருக்கிக் கட்டப்பட்டு மாட்டின் உடல் தளரும்போது அடங்கிக் கிடந்த கிருமி பெருகி ரத்தத்தில் இறங்குகிறது. அது வெளியிடும் நச்சுதான் உயிரை எடுக்கிறது. சுவாச நோய்க்கிருமிகள் பலவற்றுக்கும் இதுவே வழி. பன்றியின் மூக்கில் முதலில் போர்டெடெல்லா என்ற பாக்டீரியா, தூசியையும் சளியையும் வெளியே தள்ளும் நுண்மயிர்களைப் பிடித்துச் சிதைக்கிறது. அந்தக் காயத்தில் பாஸ்சுரெல்லாவின் வேறொரு வகை குடியேறி, மூக்கெலும்பே கோணிப்போகும் அளவுக்கு நஞ்சைக் கக்குகிறது. குதிரையின் தொண்டைக்கு அருகில் இரண்டு காற்றுப்பைகள் உண்டு. ‘ஸ்ட்ராங்கில்ஸ்’ நோய் குணமான பிறகும் அதன் கிருமி அங்கே மாதக்கணக்கில் பதுங்கியிருந்து, லாயத்துக்கு வரும் அடுத்த குதிரைக்குத் தொற்றும்.

உள்ளே இருக்கும் கிருமி வானிலை மாறினால் என்ன செய்யும் என்பதற்கு 2015 மே மாதம் கஜகஸ்தானில் நடந்ததைவிடப் பெரிய சான்று கிடைப்பது அரிது. குட்டி ஈனத் திரண்டிருந்த சைகா மான்கள் மூன்றே வாரத்தில் 2 லட்சத்துக்கும் மேல் மடிந்தன. காரணம் இதே பாஸ்சுரெல்லா. அதற்கு முந்தைய நாள்களில் அங்கே வழக்கத்துக்கு மாறான ஈரப்பதமும் வெப்பமும் இருந்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள்; மான்களுக்குள் தொல்லையின்றி வாழ்ந்த கிருமியை அந்த வானிலையே கிளப்பிவிட்டிருக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு.

இனி நம் காலண்டருக்கு வருவோம். பருவமழைக்கு முன் ஊசி போடுங்கள் என்று எல்லாக் கையேடும் சொல்கிறது. எந்தப் பருவமழை? நாட்டில் புழங்கும் அட்டவணைகள் பலவற்றில் மே, ஜூன் என்றிருக்கும். ஜூனில் மழை தொடங்கும் மாநிலங்களுக்கு அது சரி. இந்த இரு மாவட்டங்களில் கொட்டகைத் தரை சேறாவதும் கொள்ளிடக்கரை ஊர்களில் தண்ணீர் தேங்குவதும் ஐப்பசி, கார்த்திகையில். படிகாரம் சேர்த்த தடுப்பூசியின் பாதுகாப்பு நான்கு முதல் ஆறு மாதம்தான் நிற்கும். மே மாதம் போட்ட ஊசி, வேண்டிய நேரத்தில் வடிந்துகொண்டிருக்கும். ‘ஊசி போட்டும் செத்துப்போச்சே’ என்ற புலம்பலுக்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். மழை பிடித்த பிறகு அவசரமாகப் போடுவது இன்னொரு காரணம். எதிர்ப்புச் சக்தி உருவாக இரண்டு மூன்று வாரமாவது ஆகும்.

ஆடி, ஆவணியிலும் இங்கே மழை உண்டே என்று கேட்கலாம். உண்டுதான், கைக்கு எட்டுமானால் ஆண்டுக்கு இரண்டு ஊசி போடுவதே நல்லது. ஒன்றுதான் முடியும் என்றால் அது ஆவணியில் இருக்கட்டும். எண்ணெய் சேர்த்த தடுப்பூசி ஓராண்டு வரை தாங்குமே என்றால், அதுவும் நியாயமே. ஆனால் அது கெட்டியானது, ஊசியில் ஏற்றுவதே சிரமம், போட்ட இடத்தில் கட்டியும் வரலாம். ஊசி போட்டால் பால் குறையும் என்ற பயத்தை மட்டும் அலட்சியம் செய்ய மனம் வரவில்லை. சொசைட்டியில் ஊற்றும் பாலை நம்பி வாரக்கடன் கட்டும் வீட்டுக்கு இரண்டு நாள் பால் குறைவதும் நட்டம்தான். ஆனாலும் மாடே போவதோடு அதை ஒப்பிட முடியாது. வந்த பிறகு வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்புதான் ஆபத்தானது. ஆன்டிபயாடிக் காய்ச்சல் தொடங்கிய முதல் சில மணி நேரத்தில் கேட்கும். தொண்டை வீங்கிய பிறகு பெரும்பாலும் கேட்பதில்லை. மாட்டைத் தினமும் தொட்டுப் பார்ப்பவர்கூட அந்த முதல் காய்ச்சலைத் தவறவிடுவது சுலபம்.

சந்தை மாட்டைக் குறை சொல்பவர்கள் அந்தச் சந்தேகத்தைச் செயலில் காட்டலாம். வாங்கி வந்த மாட்டை இரண்டு வாரம் தனியே கட்டி, தனித் தொட்டியில் தண்ணீர் காட்டினால் போதும். தடுப்பூசிக்கோ நாம் வெளிநாட்டை நம்பியில்லை. 1932இல் தொடங்கிய ராணிப்பேட்டை கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் இதைத் தயாரிக்கிறது. ஆகஸ்ட் 15 கிராம சபையில் ஒவ்வோர் ஊராட்சியும் தன் ஊருக்கு ஊசி வரும் தேதியை அறிவிக்கச் சொல்லிக் கேட்கலாம்; அந்தத் தேதி செப்டம்பர் பாதியைத் தாண்டினால் ஏன் என்றும் கேட்கலாம்.