தண்ணி ஊத்தியே கொன்னேன்!

ஃபர்ஸ்ட் இயர் ஹாஸ்டலுக்குக் கிளம்பும்போது அம்மா ஒரு கற்றாழைத் தொட்டியைக் கையில் கொடுத்து, 'இதையாவது ஒழுங்கா பார்த்துக்கோ'ன்னாங்க. அந்த 'இதையாவது'தான் மேட்டரே! ரோஷம் வந்து தினமும் ஒரு மக் தண்ணி ஊத்தினேன். மூணே வாரம்... அடி அழுகி, தொட்டதும் கையோட வந்துடுச்சு. போன்ல அம்மா கேட்டப்போ, 'சூப்பரா இருக்கும்மா'ன்னு புளுகினேன். அரியரைக்கூட அவ்ளோ கஷ்டப்பட்டு மறைச்சதில்லை!

வேருக்கும் மூச்சு வேணும் பாஸ். மண் எப்பவும் சொதசொதன்னு இருந்தா காத்து போக வழியில்லாம வேர் அழுகிடும். விரலை ரெண்டு இன்ச் உள்ளே விட்டுப் பாருங்க. ஈரம் ஒட்டினா மக்கைக் கீழே வைங்க. தொட்டிக்கு அடியில ஓட்டை இருக்கான்னும் பாருங்க. என்னோடதுல இல்லை!

இப்போ என் ஜன்னலோரம் ஸ்நேக் பிளான்ட். நம்ம ஊர் மருளுக்குச் சொந்தக்காரன். இலையிலேயே தண்ணியைச் சேர்த்து வெச்சுக்கும். இலைத்துளைகளைப் பெரும்பாலும் ராத்திரியிலதான் திறக்கும். எக்ஸாம் டைம்ல நம்ம மாதிரியே நைட் ஷிஃப்ட்! மூணு வாரம் செமஸ்டர் லீவுக்குப் போயிட்டு வந்தாலும் அசையாம நிக்குது. அதுவும் வேணாமா? மணிபிளான்ட்டைக் கணுவுக்குக் கீழே வெட்டி பாட்டில் தண்ணியில போடுங்க, வாரம் ஒருமுறை தண்ணியை மாத்துங்க.

'ரூம் காத்தைச் சுத்தமாக்கும்'னு நர்சரியில சொல்வாங்க. 1989-ல் நாசா சோதிச்சது மூடின சின்னப் பெட்டிக்குள்ளே. நம்ம ரூமுக்கு, முதல்ல சாக்ஸைத் துவைங்க.

போன மாசம் அம்மா ஹாஸ்டலுக்கு வந்தாங்க. ஸ்நேக் பிளான்ட்டைத் தடவிப் பார்த்துட்டு மெதுவா கேட்டாங்க... 'கற்றாழை எங்கேடா?'