இணையச் சேவையும் எளியோர் உரிமையும்

சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஆகியவற்றைப் பெற வட்டாட்சியர் அலுவலகத்திற்குப் பலமுறை நடந்த காலம் ஒன்று இருந்தது. இன்று இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, மின்கையொப்பமிட்ட சான்றிதழை இணையத்திலேயே பெற்றுக்கொள்ளலாம். வளரும் நாடுகள் பலவற்றில் அரசுச் சேவை இவ்வாறு மக்களை நெருங்கி வந்துள்ளது.

இந்தியாவில் இம்மாற்றத்தின் முன்னோடிகளுள் ஒன்று, 2001ஆம் ஆண்டையொட்டி நடைமுறைக்கு வந்த கர்நாடகத்தின் ‘பூமி’ திட்டம். ஏறத்தாழ 2 கோடி நில ஆவணங்கள் அதன்வழிக் கணினியில் ஏற்றப்பட்டன. அதற்குமுன் கிராமக் கணக்கரின் கையெழுத்துப் படியையே நம்பியிருந்த உழவர்கள், வட்டத் தலைநகரிலுள்ள மையத்தில் 15 ரூபாய் கட்டணம் செலுத்தித் தம் நில ஆவணத்தைப் பெற்றனர். காலதாமதமும் கையூட்டும் குறைந்தன.

ஆயினும், இவ்வசதி அனைவர்க்கும் ஒன்றுபோல் வாய்ப்பதில்லை. நியாயவிலைக் கடைகளில் கைரேகைவழி அடையாளத்தை உறுதிசெய்யும் முறையை எண்ணிப் பார்ப்போம். ஒருவர் பங்கை மற்றொருவர் கவர்வதைத் தடுப்பதே அதன் நோக்கம், நோக்கம் நன்று. ஆனால், மண்வெட்டி பிடித்தும் செங்கல் சுமந்தும் தேய்ந்த விரல்களின் ரேகையை இயந்திரம் பல வேளைகளில் அறிவதில்லை. முதுமையிலும் ரேகை மங்குகிறது. உழைத்துத் தேய்ந்த கையே உணவுக்குத் தடையாவது எவ்வகையில் அறமாகும்?

அடையாளம் பொருந்தாமையைக் காரணம் காட்டித் தகுதியுடையோர்க்கு நலத்திட்டப் பயன் மறுக்கப்படலாகாது என்பதை, ஆதார் வழக்கில் 2018ஆம் ஆண்டு தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றமும் வலியுறுத்தியது. தமிழ்நாட்டில், கடைக்கு வர இயலாத முதியோர் முன்அனுமதி பெற்றுத் தம் சார்பில் வேறொருவரை அனுப்பும் வழி உண்டு. இத்தகைய மாற்றுவழிகளைச் சலுகைகளாகக் கருதாமல், சேவையின் இன்றியமையா உறுப்புகளாகவே கொள்ள வேண்டும்.

இணையத்தை எதிர்ப்பது இதற்குத் தீர்வாகாது. கோப்புகள் மாதக்கணக்கில் தேங்கிய பழைய நிலைக்குத் திரும்ப எவரும் விரும்பார். வேண்டுவன இரண்டு: விண்ணப்பம் மறுக்கப்படின், அதற்கான காரணம் மக்கள் மொழியில் எழுத்துவடிவில் தரப்பட வேண்டும், அம்மறுப்பிற்குப் பொறுப்பேற்கும் அலுவலர் ஒருவர் நேரில் காணக் கிடைக்க வேண்டும். அலுவலரிடம் முறையிடலாம், இயந்திரத்திடம் முறையிட இயலாது.

மாணவர்களே, இ-சேவை மையத்தில் எழுத்தறியா முதியவர் ஒருவரைக் காணின், அவர்தம் விண்ணப்பத்தைப் படித்துக்காட்டி உதவுங்கள். அது நற்பண்பு. எனினும், பிறர் கருணையை எதிர்பாராமலேயே அம்முதியவர் தம் உரிமையைப் பெறும் நாளில்தான் இணையவழி அரசு முழுமையடையும்.