புதைகாட்டுக்கு ஓர் எல்லைக்கல் வேண்டும்

இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவை செயின்ட் மேரிஸ் தேவாலய வளாகத்தில் ஜூலியா மார்கரெட் கேமரனின் கல்லறை இருக்கிறது. உலகம் அறிந்த ஆங்கிலேயப் புகைப்படக் கலைஞர், 1879-இல் இறந்தார். இலங்கையில் தேயிலைத் தொழிலைத் தொடங்கிவைத்த ஜேம்ஸ் டெய்லருக்குக் கண்டி மகையாவ மயானத்தில் கல் உண்டு. 1892-இல் அவர் இறந்தபோது, லூல்கந்துர மலையிலிருந்து கண்டிவரை சவப்பெட்டியை மாற்றி மாற்றித் தோளில் சுமந்தவர்கள் தோட்டத் தொழிலாளர்கள் என்பார்கள். சுமந்தவர்களை எங்கே புதைத்தார்கள்? யாராலும் காட்ட முடியாது.

கேமரனுக்கும் டெய்லருக்கும் கல் இருப்பதில் எனக்கு வருத்தமில்லை. அதே பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில், 1958-இல் இறந்த என் தாத்தாவின் குழி எது என்று என் பேரப்பிள்ளைகளிடம் சொல்ல முடியவில்லையே என்பதுதான் வருத்தம். ஐரோப்பியரின் கல்லறை வாசகங்களை ஜே.பி. லூயிஸ் என்ற அரசு அதிகாரி தொகுத்து, 1913-இலேயே நூலாக வெளியிட்டார். எங்கள் ஆட்களின் புதைகாட்டில் படியெடுக்க எழுத்தே கிடையாது.

தோட்டத்தில் நிலம் தோட்டத்துக்குச் சொந்தம். லயத்துக் காம்பராவும் சரி, பிள்ளையார் கோயிலும் சரி, புதைகுழியும் சரி, தோட்ட மேலாளரான துரை காட்டிய இடம்தான். தேயிலைக்கு ஆகாத பாறைச் சரிவையோ ஓடைக்கரையையோ காட்டுவார்கள். தாத்தாவைத் தப்படித்துக் கொண்டுபோய்ப் புதைத்து, தலைமாட்டில் ஓடைக்கல் ஒன்றை நட்டு, கால்மாட்டில் குரோட்டன் கொப்பு ஒடித்து வைத்தார்கள். சிமெண்டுக் கட்டடம் எழுப்பக் காசும் இல்லை, அனுமதியும் இல்லை. தீபாவளிக்கு முதல்நாள் அப்பாயி அந்தக் கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்துக் கற்பூரம் ஏற்றுவார்.

1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள். எங்கள் சனத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்றது ஒப்பந்தம். 1972-இல் எங்கள் குடும்பமும் தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாகக் கோத்தகிரிக்கு வந்து சேர்ந்தது. கல்லைக் கொண்டுவர முடியுமா? அப்பாயி கொண்டுவந்தது ஒரு முகவரியை: “மேல் டிவிஷன், பன்னிரண்டாம் நம்பர் மலைக்குக் கீழே, ஓடையைத் தாண்டினா ரெட்டைப் பாறை, அதுக்கு மேப்பக்கம்.” சாகும்வரை அதை எங்களிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

போருக்குப் பிறகு நான் அங்கே போனபோது அந்த முகவரியில் ரெட்டைப் பாறை மட்டும்தான் மிச்சம். பழைய தேயிலையைப் பிடுங்கி, வெட்டுத்துண்டில் வளர்த்த வீ.பி. கன்று வைத்தபோது மலைகளின் நம்பரையே மாற்றிவிட்டார்கள். ஓடை வேறு பக்கம் திரும்பிவிட்டது. பாறைக்கு மேப்பக்கம் இடுப்பளவு தேயிலை. பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். தோட்ட ஆபீஸில் கேட்டால், பிளானில் அப்படி ஓர் இடமே இல்லை என்றார்கள். கடைசியில் லயத்தில் ஒரு மூதாட்டி கைகாட்டினார்: “இந்தச் சரிவு பூராவும் நம்ம ஆளுகதான் தம்பி. ஒவ்வொருத்தரும் எங்கெங்கன்னு சொல்ல இப்ப ஆள் இல்ல.”

ஏடுகள் அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். தோட்டத்தில் நடக்கும் சாவைத் துரை பதிவாளருக்கு அறிவிக்க வேண்டும் என்று வெள்ளைக்காரன் காலத்திலேயே சட்டம் இருந்தது. அதனால்தான் தாத்தாவின் மரணச் சான்றிதழ் பிரதேச செயலகத்தில் எனக்குக் கிடைத்தது. பெயர், தோட்டம், தேதி, நோய் எல்லாம் இருந்தன. புதைத்த இடம் இல்லை. தொழிலாளர் வருகையைப் பதிந்த செக்ரோல் புத்தகங்களைத் தேடினேன். 1975-இல் தோட்டங்கள் அரசுடைமை ஆயின. 1992-இல் மறுபடி கம்பனிகளின் கைக்குப் போயின. இந்தக் கைமாற்றங்களில் எங்கள் தோட்டத்துப் பழைய ஏடுகள் அழிந்தன.

‘செத்தவரைப் புதைத்துப் பதினாறாம் நாள் கருமாதி முடித்தால் முடிந்தது, இந்துக்களுக்குக் கல்லறை எதற்கு?’ என்று படித்தவர்களே என்னிடம் கேட்கிறார்கள். அவர்கள் 1948-ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு வந்த குடியுரிமைச் சட்டம், உன் அப்பன் இங்கே பிறந்தானா, இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்களா என்று எங்கள் சனத்திடம் சான்று கேட்டது. பாட்டனும் பூட்டனும் அந்த மண்ணுக்குள்ளேதான் கிடந்தார்கள். காட்டக் காகிதமும் இல்லை, கல்லும் இல்லை. இலட்சக்கணக்கானோர் நாடற்றவர் ஆனார்கள். சொந்தமாக ஒரு சாண் நிலம்கூட எழுதித் தரப்படாத மக்களுக்கு, அங்கே வாழ்ந்தோம் என்பதற்குப் புதைகாடுதான் பட்டா. அதன்மேல் தேயிலை நட்டது அநியாயம்.

தேயிலைக்கு முந்தைய காப்பிக் காலத்தில் தோட்ட வேலைக்காக மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்து, காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்களை இனிக் கண்டெடுக்க முடியாது. 2023-இல் மலையக மக்களின் 200 ஆண்டு வரலாற்றை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தவர்கள் அவர்களுக்குச் செய்தது பெரிய மரியாதை. ஆனால் தோட்டத்துப் புதைகாடுகள் இன்னும் முழுக்கப் போய்விடவில்லை. முள்ளும் மானாப்புல்லும் மூடிக் கிடக்கிற இடங்கள் பல உண்டு.

தோட்டத்துக்குள் செலவு செய்யச் சட்டத்தில் இடமில்லை என்று பிரதேச சபைகள் நெடுங்காலம் கையை விரித்தன. 2018-இல் சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. இனி அந்தச் சாக்கு செல்லாது. ஒவ்வொரு தோட்டத்திலும் புதைகாட்டை அளந்து, எல்லைக்கல் நட்டு, தோட்டத்துப் பிளானிலும் குறித்துச் சபையின் பொறுப்பில் விட வேண்டும். புதிதாக வீடு கட்டவோ மறுநடவு செய்யவோ நிலம் ஒதுக்கும் முன்பு, அந்த லயத்துப் பெரியவர்களைக் கேட்க வேண்டும். மலையகப் பிரதிநிதிகள் சம்பளத்துக்கும் வீட்டுக்கும் குரல் கொடுப்பதுபோல இதற்கும் கொடுக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இருக்கிற நமக்கும் வேலை இருக்கிறது. கோத்தகிரி, குன்னூர், கூடலூர் என்று பரவிக் கிடக்கிறோம். அங்கே பிணத்துக்குத் தோள் கொடுத்தவர்கள் இன்று எண்பதைத் தொடுகிறார்கள். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அப்படி ஒருவர் இருந்தால் தள்ளிப்போடாமல் உட்கார்ந்து கேளுங்கள். எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், எந்த நம்பர் மலை, பக்கத்தில் என்ன பாறை, என்ன மரம், அடுத்த குழி யாருடையது என்று கேட்டுக் கைபேசியில் அவர் குரலிலேயே பதிவு செய்யுங்கள். தாளில் அவரையே கோடு போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அதன் ஒரு பிரதியை அந்தத் தோட்டத்தில் இன்னும் இருக்கும் உறவுக்காரர்களுக்கு அனுப்பிவையுங்கள்.