ரீசேல் ஃப்ளாட்: ஏசி, மாடுலர் கிச்சனை விற்றவர் கழற்றிட்டுப் போகலாமா?

ஃப்ளாட் பார்க்கப் போகும்போது மாடுலர் கிச்சன், சிம்னி, ஏசி எல்லாம் இருக்கும். பத்திரப்பதிவு முடிந்து கதவைத் திறந்தால் சுவரில் ஸ்க்ரூ ஓட்டைகள்தான் மிச்சம். 'அதெல்லாம் நான் காசு போட்டு வாங்கினது சார்' என்பார் விற்றவர். சரியா?

சொத்து உரிமை மாற்றச் சட்டம், 1882-ன் 8-வது பிரிவில் பதில் இருக்கிறது. வேறு மாதிரி பேசிக்கொள்ளாதவரை பூட்டு, சாவி, கதவு, ஜன்னலோடு, நிரந்தரப் பயன்பாட்டுக்காக அமைத்த மற்ற பொருட்களும் வாங்குபவருக்கே சேரும். கதவைக் கழற்றினால் வாதமே இல்லை. சுவரோடு சேர்த்துக் கட்டிய கப்போர்டும் பெரும்பாலும் வீட்டைச் சேர்ந்ததுதான்.

இழுபறி வருவது ஏசி, கீசர் விஷயத்தில். ஸ்க்ரூ போட்டு மாட்டியதாலேயே ஒரு பொருள் நிரந்தரமாகிவிடாது. வீட்டுக்காக வைத்ததா, குடியிருந்தவர் வசதிக்காகவா என்று பார்க்கணும். 1882-ல் ஏசி ஏது!

கிரயப் பத்திரமும் பெரிதாகக் கைகொடுக்காது. சொத்து விவரத்தில் யூடிஎஸ், சதுர அடி, நான்கு எல்லைகள் இருக்கும். ஃபேன் எத்தனை என்று இருக்காது. லோன் போட்டிருந்தால் பதிவு அன்றே வங்கி டிடி கைமாறிவிடும், பிடித்துவைக்கப் பணமும் இல்லை. பில்டரிடம் வாங்கிய வீடென்றால் நுகர்வோர் ஆணையம் போகலாம். தனிநபர் விற்ற வீட்டுக்கு பொதுவாக சிவில் கோர்ட்தான். ஒரு கீசருக்காக யார் கேஸ் போடுவார்கள்?

அதனால் சேல் அக்ரிமென்ட்டிலேயே வீட்டோடு வரும் பொருட்களைப் பட்டியல் போட்டு, போட்டோ இணைத்து, இருவரும் கையெழுத்துப் போடுவது நல்லது. பதிவு நாள் காலையில் வீட்டை ஒரு சுற்று பார்த்துவிடணும். புரோக்கர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய போட்டோக்களையும் அழிக்க வேண்டாம்.